சாவடியில் போட்ட சொல்

நெய்க்குறிச்சிச் சாவடியை இளைஞர் மையமாக மாற்றலாம் என்று பஞ்சாயத்து முடிவெடுத்தபோது, எதிர்ப்பு வந்தால் அய்யம்பெருமாளிடமிருந்துதான் வரும் என்று ஊரே நினைத்தது. திருமானூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிற ஊர் அது. சாவடி நின்ற மனை அவர் குடும்பம் ஊருக்கு எழுதிக் கொடுத்தது. கட்டியவர் அவருடைய அப்பா, பெரியதனக்காரர் வைத்திலிங்கம். சாவடியில் உட்கார்ந்து ஊர் வழக்குகளைத் தீர்த்து வைக்கிற பொறுப்புக்குத்தான் அங்கே பெரியதனம் என்று பேர். நாலு தலைமுறையாக அது ஒரே வீட்டில் இருந்தது. இப்போது வழக்கு என்றால் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். ஆனாலும் மாரியம்மன் திருவிழாவில் முதல் வெற்றிலை பாக்கு இன்றைக்கும் அய்யம்பெருமாள் கைக்குத்தான் வரும்.

அவர் எதிர்க்கவில்லை. ஓட்டைப் பிரித்துத் தகரக்கூரை போட வேண்டும் என்றார்கள், தலையசைத்தார். தெற்குச் சுவரை உடைத்து நாலு ஜன்னல் வைக்க வேண்டும் என்றார்கள், சரி என்றார். பெண்பிள்ளைகளுக்குப் பின்பக்கம் கழிப்பறை, வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு, அப்பாவின் பேர் வெட்டிய கல்லை எடுத்துப் பக்கச் சுவரில் பதிப்பது என எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. எழுபது வயதிலும் வளையாத முதுகோடு, குடையை ஊன்றிக்கொண்டு, தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மேடைப் பக்கம் கடப்பாரை வந்த அன்றைக்குத்தான் கையைத் தூக்கினார்.

“இதைத் தொடாதீங்க.”

மேற்குச் சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், கூடத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்த கருங்கல் மேடை அது. ராஜவேல் மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பஞ்சாயத்துத் தலைவரைத் திரும்பிப் பார்த்தான். தலைவர் பானுப்ரியா கீழத்தெருப் பெண். முப்பது இன்னும் நிரம்பவில்லை. கையில் வரைபடத்தைச் சுருட்டி வைத்திருந்தாள்.

“அய்யா, எல்லாத்துக்கும் சரின்னீங்க. இதுல வந்து மறிக்கிறீங்களே.”

“இது நிக்கட்டும்மா.”

“இது நின்னா மேசை எங்கங்க போடுறது? பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைவளுக்கே முப்பது மேசை வருது. அப்புறம் கேரம் போர்டு, எடை தூக்குற சாமான்…”

“சுத்திப் போட்டுக்குங்க.”

“சுத்திப் போட்டா இது சாமி சந்நிதி மாதிரி ஆயிடுங்க,” என்றான் ராஜவேல். “படிக்க வர்றவன் சூடத்தை ஏத்தி வெச்சிட்டு, பாஸ் பண்ணுனா மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டுப் போயிடுவான்.”

வேலையாட்கள் சிரித்தார்கள். அய்யம்பெருமாள் சிரிக்கவில்லை. பானுப்ரியாவும் சிரிக்கவில்லை. அவள் ஒரு எட்டு முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“எடம் மட்டும் இல்லீங்கய்யா. எங்கப்பா இன்னமும் இந்தப் பக்கம் வந்தா வாசப்படிக்கு வெளியவே நின்னுக்குறாரு. பசங்களும் அப்படித்தான். அவங்கவங்க தாத்தாவை நிக்க வெச்சி அபராதம் போட்ட மேடை இதுன்னு தெரியும். இது இருக்கற வரைக்கும், வெளிய எந்த போர்டு மாட்டுனாலும் எங்க தெருப் புள்ளைங்க உள்ள வர மாட்டாங்க.”

அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும்.

“எட்டு நாள் குடும்மா. வர்ற புதன்கிழமை நானே வந்து சொல்றேன்.”

“எட்டு நாள்ல என்னங்க மாறப் போவுது?”

மார்ச்சுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்ற கவலை பானுப்ரியாவுக்கு. இருந்தாலும் அதுவரை கரண்டு வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் டீக்கடையைத் தாண்டும்போது, அவருடைய பங்காளி குருநாதன் உள்ளேயிருந்து பேசுவது காதில் விழுந்தது. “விடுவாரா? அப்பா உக்காந்த எடம். எம்புட்டு வயசானாலும் அந்த நாற்காலி ஆசை போவுமா?” அது பாராட்டா கிண்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். அய்யம்பெருமாள் நடையை மாற்றாமல் போனார். ஊர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தது அவருக்கு. உண்மையான காரணத்தைச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தச் சாவடிக்கு ஒரு கட்டு உண்டு. மேடையில் உட்கார்ந்து ஒருவரை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தால், அதற்குச் சொல் போடுவது என்று பேர். சொல் போட்டவர்களோடு யாரும் கொடுக்கல் வாங்கல், பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ள முடியாது. நல்லது கெட்டதற்குப் போகவும் முடியாது, அழைக்கவும் முடியாது. போட்ட சொல்லை எடுக்க வேண்டுமானால், அதே மேடையில், அதே பெரியதன வீட்டு ஆண் உட்கார்ந்து, தள்ளி வைக்கப்பட்டவரைக் கீழே நிற்க வைத்து, இன்ன குற்றம் செய்தார், ஊர் பொறுத்துக்கொண்டது என்று வாயால் சொல்லி, வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். வேறு எங்கே வைத்துச் சொன்னாலும் அது செல்லாது. மலேயாவிலிருந்து திரும்பி வந்த ஒருவருக்குப் பதினெட்டு வருஷம் கழித்து அப்படித்தான் எடுத்தார்கள்.

எடுக்கப்படாத சொல் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அது அய்யம்பெருமாளின் தங்கை செல்வம்மாள் மேல் போட்டது. போட்டவர் அவர்களுடைய அப்பா.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் வந்த வெள்ளம் அது. செல்வம்மாளை அந்த வருஷம்தான் பெரம்பலூருக்குப் பக்கத்தில் குரும்பலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைத் தீபாவளிக்கு வந்திருந்தாள். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் கொள்ளிடம் பொங்கிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. மேட்டில் இருந்த ஒரே பெரிய கட்டடம் சாவடி. அதில் கீழத்தெருக்காரர்கள் கால் வைக்கக்கூடாது என்பது அந்நாளைய கட்டு. மேலத்தெரு ஆண்கள் எல்லோரும் கரையில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அறுபது பேருக்குச் சாவடி திறந்துவிடப்பட்டது. இரண்டு நாள் அவர்கள் அங்கே இருந்தார்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் வழக்கு கூடியது. “நான்தான் தொறந்தேன்,” என்றாள் செல்வம்மாள். விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். இருபது வயதுப் பெண் நிமிர்ந்து நின்றாள். விழவில்லை. வைத்திலிங்கம் சொந்த மகள் மேல் சொல் போட்டார்.

அன்றையிலிருந்து அந்த வீட்டின் பெருமையே அதுதான். மகள் என்றும் பார்க்காத மனுஷன் என்று தா.பழூர் வரைக்கும் பேசினார்கள். அய்யம்பெருமாளின் மகன் கல்யாணத்தில்கூட யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அய்யம்பெருமாள் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாவடியைத் திறந்தவர் அவர்தான்.

சாக்கு எடுத்துவரக் கரையிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தபோது, கீழத்தெரு ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைப் பார்த்தார். வீட்டில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் வைத்தவள் செல்வம்மாள். “அண்ணே, தொறந்து வுட்டுட்டுப் போ. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” அவர் போய்த் திறந்தார். பிறகு சாக்குகளோடு கரைக்கு ஓடினார். அவள் அங்கேயே இருந்து குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். திரும்பி வந்தவர்கள் கண்ணில் பட்டவள் அவள். சாவடியில் அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது, பத்தடி தள்ளித் தூணோரம் அய்யம்பெருமாள் நின்றிருந்தார். இருபத்து நாலு வயது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா போன பிறகு சொல்லை எடுக்கிற உரிமை அவருக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அது அவர் கையில் இருந்தது. ஆனால் எடுக்க வேண்டுமானால் மேடையில் உட்கார்ந்து, என் தங்கை சாவடியைத் திறந்தாள் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வருஷங்கள் போய்விட்டன. இப்போது மேடையே போகப் போகிறது. மேடை போய்விட்டால் அவள் மேல் போட்ட சொல்லை எடுக்க உலகத்தில் வேறு இடம் கிடையாது.

எட்டு நாளில் நாலாம் நாள், பொய்யைச் சொல்லியே தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, குரும்பலூருக்குப் புறப்பட்டார். தங்கையைப் பார்க்கப் போவதாக மனைவி பொன்னம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் ஒரு பட்டுப்புடவையை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தாள்.

திருமானூர், அரியலூர், பெரம்பலூர் என்று மூன்று பஸ். அரியலூரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டிக்கொண்டன. பஸ் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தார். பெரம்பலூரில் துறையூர் பஸ் ஏறும்வரை ஒரு வாக்கியம்கூட உருவாகவில்லை.

குரும்பலூரில் அவள் வீட்டை விசாரித்துப் போனார். வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் சேமிக்கச் சோளத்தட்டை வைத்துக் கட்டிய பட்டறை இருந்தது. அதன் நிழலில் ஒரு வயதான பெண் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உட்கார்ந்திருக்கும்போதும் அந்த முதுகு நேராக இருந்ததை அவர் கவனித்தார்.

“யாரது?” என்றாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “ஓ. பெரியதனக்காரர் மவனா. வழி தெரிஞ்சிதா?”

“செல்வம்…”

“உக்காரு. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்க. நாற்காலி உள்ள இருக்கு, ஆனா எடுத்துக்கிட்டு வர ஆளு இல்லை. மருமவ நூறுநாள் வேலைக்குப் போயிருக்கா.”

அவர் சாக்கின் மேல் உட்கார்ந்தார். வேட்டியில் வெங்காயச் சருகு ஒட்டியது. பையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

“என்ன இது?”

“புடவை.”

“எதுக்கு? எம் புருஷன் செத்தப்ப பொறந்த வூட்டுக் கோடின்னு ஒரு வெள்ளைச் சீலை வந்திருக்கணும். பதினாறு நாளும் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்ப வராதது இப்பப் பட்டா வந்துருக்கா?”

அவர் வேட்டியில் ஒட்டிய சருகைத் தட்டினார்.

“எம் பசங்களுக்குக் காது குத்துறப்ப யாரு மடியில உக்கார வெச்சோம் தெரியுமா? எங்க வூட்டுக்காரரோட சிநேகிதர், லாரி டிரைவர். தாய்மாமன்னு ஒரு நாள் வாடகைக்கு.” அவளே சிரித்தாள். வெங்காயத்தைப் பொறுக்குகிற கை நிற்கவில்லை. “நல்ல மனுஷன். கடைசி வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் சீர் கொண்டாந்து குடுத்தாரு.”

“சாவடியை இடிச்சிப் புதுசா மாத்துறாங்க,” என்றார் அய்யம்பெருமாள். “புதன்கிழமை மேடையை உடைச்சிடுவாங்க. அதுக்குள்ள உம் மேல இருக்கற சொல்லை எடுத்துடுறேன். நீ வந்து நின்னா போதும். விழ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் சொல்லிடுறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

அவர் தயங்கினார்.

“சொல்லு. என்னன்னு சொல்லுவ? செல்வம்மா தொறந்தா, ஊரு பொறுத்துக்கிச்சுன்னா?”

“கட்டு அப்படித்தானே…”

“அப்ப நான் வரலை.” முறத்தை ஒருதரம் புடைத்தாள். “தப்புப் பண்ணுனவளுக்குத்தான் மன்னிப்பு. நான் ஒரு தப்பும் பண்ணலை. தொறந்ததும் தப்பு இல்லை, தொறந்தவனும் நான் இல்லை. நாப்பத்தாறு வருஷம் சும்மா கெடந்துட்டு, இப்ப போயி நான் கீழ நின்னு வெத்தலை வாங்குனா, அது அன்னிக்கு விழாததுக்கு இன்னிக்கு விழுந்த மாதிரி.”

“மேடை போயிடுச்சின்னா அப்புறம் எடுக்கவே முடியாது செல்வம்.”

“போவட்டும். அப்பா செத்தப்ப திருமானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அங்கேருந்து பறைச் சத்தம் கேக்குமான்னு ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். அதுக்கு மேல என்னை என்ன பண்ணிடும் உங்க சொல்லு?”

அவர் மெதுவாகச் சொன்னார். “உண்மையைச் சொன்னா அப்பா பேரு போயிடும். நான் போறதைப் பத்தி இல்லை. தெரியாமத் தீர்ப்புச் சொல்லிட்டாருன்னு அவரை…”

செல்வம்மாள் கையை நிறுத்தினாள். அவர் வந்ததிலிருந்து முதல் முறையாக முழுமுகமாக அவரைப் பார்த்தாள்.

“அப்பாவுக்குத் தெரியாதுன்னா இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு இருந்த?”

அய்யம்பெருமாளுக்குப் புரியவில்லை.

“அந்தச் சாவடிப் பூட்டு ஞாபகம் இருக்கா? கதவை முழங்காலால முட்டிக்கிட்டு, கீழ்ப்பட்டையைத் தூக்கிப் புடிச்சித்தான் சாவி திரும்பும். வூட்டுல உன்னையும் அப்பாவையும் தவிர யாராலயும் அதைத் தொறக்க முடியாது. அது அவருக்குத் தெரியாதா? வழக்கு கூடுற அன்னிக்குக் காலையில கொல்லப்புறத்துல என்கிட்ட வந்தாரு. நீ இன்னொரு வூட்டுக்குப் போனவ, அவன் இந்த வூட்டுல இருந்து நாளைக்கு அந்த மேடையில உக்கார வேண்டியவன்னு சொன்னாரு. விழுந்து கும்பிட்டுடு தாயி, அதோட முடிஞ்சிடும்னாரு. உன்னைச் சொல்ல மாட்டேன், ஆனா விழ மாட்டேன்னேன். நான் விழாம இருப்பேன்னு அவரு நெனைக்கலை. அவ்வளவுதான்.”

பட்டறையின் தட்டை இடுக்குகள் வழியாகக் காற்று சரசரத்தது. மகள் என்றும் பார்க்காத மனுஷன் என்று மைக்கில் கேட்ட குரல் அய்யம்பெருமாளின் காதில் வந்து போனது. மகள் என்று பார்த்துத்தான் செய்திருக்கிறார். மகள், அதனால் போகட்டும் என்று.

“நீ ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?”

“எப்ப சொல்ல? நீ வந்தியா?”

அவர் எழுந்தார். பட்டறைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நான் என்ன பண்ணணும் செல்வம்?”

“நடந்ததை நடந்த மாதிரி சொல்லு. அது போதும். நான் வருவேனா மாட்டேனான்னு கேக்காத.” புடவைப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “இதையும் எடுத்துக்கிட்டுப் போ.”

வீட்டுக்கு வந்ததும் பொன்னம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அவளுக்கும் தெரியாத சங்கதி. அவள் திரும்பி வந்த புடவையைப் பிரித்து மடித்துக்கொண்டே கேட்டாள்.

“மாமாவைப் பத்தியும் சொல்லணுமா? அவரு போயிட்டாரு. உங்களைப் பத்தி மட்டும் சொன்னாப் பத்தாதா?”

அந்தக் கேள்வியோடு அவர் மூன்று நாள் இருந்தார். தன்னுடைய கோழைத்தனத்தைச் சொல்வதில்கூட ஒரு வகை மிடுக்கு இருக்கிறது. நான் தப்புச் செய்தேன், அப்பா அறியாமல் செய்தார் என்று சொல்லி, வீட்டின் பேரைக் காப்பாற்றிக்கொண்டே தலைகுனிந்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். அதற்கும் செல்வம்மாள்தான் விலை கொடுப்பாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாவடியில் நாற்பது பேர்போல இருந்தார்கள். பெரியவர் மேடையை விடமாட்டார், தகராறு வரும் என்று வேடிக்கை பார்க்க வந்த மேலத்தெரு ஆட்கள் உள்ளே நின்றார்கள். கீழத்தெரு ஆட்கள் வாசலுக்கு வெளியே. பானுப்ரியாவும் ராஜவேலும் மேடையருகில் நின்றார்கள். மேடைக்கு மேலே ஏறி உட்காருவார் என்று குருநாதன் துண்டால் ஓரிடத்தைத் தட்டித் துடைத்து வைத்திருந்தார்.

அய்யம்பெருமாள் ஏறவில்லை. மேடைக்கு எதிரே, பத்தடி தள்ளி, வழக்கு உள்ளவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றார். குடையைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்த இடத்தில் நிற்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவர் வீட்டு ஆண் ஒருவன் அப்படி நின்று அந்த ஊர் பார்த்ததில்லை.

“என்னண்ணே இது, விளையாட்டா?” என்றார் குருநாதன்.

“எழுவத்தேழு வெள்ளத்துல இந்தச் சாவடியைத் தொறந்தது எந் தங்கச்சி செல்வம்மா இல்லை. நான்.” வாசலுக்கு வெளியேயும் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னார். “நான்தான் தொறந்தேன். அவ எனக்காகத் தன் மேல போட்டுக்கிட்டா. நான் அதோ அந்தத் தூணுகிட்ட நின்னுக்கிட்டு வாயைத் தொறக்கலை. அவமேல சொல்லு விழுந்தது. இன்னி வரைக்கும் நான் சொல்லலை.”

அவர் பார்வை தூணிலிருந்து மேடைக்குத் திரும்பியது.

“எங்கப்பாவுக்கு அது தெரியும்.” இந்த வார்த்தைகள் வெளியே வர வெகுநேரம் பிடித்தது. “தெரிஞ்சேதான் அவ மேல போட்டாரு. மவளுன்னும் பாக்காத மனுஷன்னு நீங்கள்லாம் சொல்றது தப்பு. மவனைக் காப்பாத்த மவளைத் தள்ளி வெச்சாரு. இந்த மேடையிலேருந்து விழுந்த சொல்லு பொய்ச் சொல்லு. அதை எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. போட்டதே செல்லாது. இதைச் சொல்லத்தான் எட்டு நாள் கேட்டேன்.”

குருநாதனின் முகம் கறுத்துவிட்டது. “செத்துப்போன மனுஷனை நடுச்சபையில நிக்க வெச்சிட்டியே,” என்றார். அண்ணே என்று கூப்பிட்ட வாய் அது. “இனிமே உங்க வூட்டுக்கு எவன் முதல் வெத்தலை குடுப்பான்?”

“குடுக்க வேணாம்.”

குருநாதன் வெளியே போனார். அவரோடு ஏழெட்டுப் பேர் போனார்கள். வாசலில் நின்றவர்கள் அவர்களுக்கு வழி விட்டார்கள். அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. கீழத்தெரு இருசம்மாள். வெள்ளத்தின்போது கைக்குழந்தைக்காரியாக இருந்தவள். இப்போது எண்பதை நெருங்குகிறவள்.

“தொறந்தது நீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா சாமி? நாங்கதானே உள்ள வந்தோம்? மழையில நனைஞ்சிக்கிட்டுக் கதவை முட்டுனது நீங்கதானே?”

அய்யம்பெருமாள் திரும்பிப் பார்த்தார்.

“எங்க தெருவுல பொறந்த புள்ளைக்கெல்லாம் தெரியும்,” என்றாள் இருசம்மாள். “பொண்ணை மாட்டிவிட்டுட்டு நின்னவருன்னு சொல்லித்தான் உங்களை எங்க புள்ளைவளுக்கு அடையாளம் காட்டுவோம்.”

“அப்ப ஏன் யாரும் சொல்லலை?” என்று உள்ளே இருந்து ஒருவர் கேட்டார்.

“எங்க வந்து சொல்லச் சொல்ற? உள்ள வரக்கூடாதுன்னுதானே வழக்கே நடந்துச்சி?”

நாற்பத்தாறு வருஷமாகத் தான் காத்துவந்த மானம் பாதி ஊரில் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்பது அய்யம்பெருமாளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் தினமும் ஊருக்குள் நிமிர்ந்து நடந்துபோனபோதெல்லாம் கீழத்தெரு அவரை அந்தப் பேரால்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பானுப்ரியாவைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

“உனக்கும் தெரியுமா அம்மா?”

“தெரியுங்கய்யா. எங்கப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. அந்தக் கஞ்சியை இன்னமும் சொல்லுவாரு.” மேடையைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க மேடையை ஏன் விடமாட்டேங்கறீங்கன்னுதான் தெரியலை.”

“வேலையை ஆரம்பிங்க,” என்றார் அவர்.

ராஜவேல் இப்போது வேடிக்கை எதுவும் பேசவில்லை. இரண்டு ஆட்கள் கடப்பாரையை மேடையின் மூலைக்கல்லில் கொடுத்து நெம்பினார்கள். அய்யம்பெருமாள் நின்ற இடத்திலேயே நின்றார். நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள், உட்காரவில்லை. கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. அடியில் செம்மண்ணும் செங்கல் பொடியும்தான் இருந்தன. பதினொன்றரை மணிக்கு மேடை இருந்த இடத்தில் ஈரம் காயாத ஒரு சதுரம் மட்டும் மிஞ்சியது. கற்களை டிராக்டரில் ஏற்றினார்கள். வாசலில் நின்றிருந்த கீழத்தெருப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் மெல்ல உள்ளே வந்து, ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்று பானுப்ரியாவிடம் கேட்டார்கள்.

பன்னிரண்டு மணி பஸ் சாவடி முக்கில் நின்றது. இறங்கியவள் கையில் ஒரு துணிப்பை மட்டும் வைத்திருந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக நடந்து வந்து வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள்.

“உடைச்சாச்சா?”

“ஆச்சு,” என்றார் அய்யம்பெருமாள்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“அப்பாவை?”

“அவரையும்.”

செல்வம்மாள் படியேறி உள்ளே வந்தாள். அந்தச் செம்மண் சதுரத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்றாள். அழவில்லை. அண்ணன் இடுப்பில் துண்டு கட்டியிருந்ததைப் பார்த்தாள். அவிழ்த்துக்கொள் என்று சொல்லவில்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, “இருசம்மாக்கா இருக்காளா, போயிட்டாளா?” என்றாள்.

“இருக்கேன் தாயி, இருக்கேன்.” இருசம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி எனக்குச் சேத்துச் சோறு ஆக்கியிருப்பாளா?” என்று செல்வம்மாள் அய்யம்பெருமாளைக் கேட்டாள்.

“நாலு நாளா ஆக்கிக்கிட்டுத்தான் இருக்கா.”

“வரேன். முதல்ல இருசம்மாக்கா வூட்டுல ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டு வரேன்.” இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். “நீயும் வரியா?”

மேலத்தெரு வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருநாதனும் நின்றிருந்தார். அய்யம்பெருமாள் சாவடி மேட்டுச் சரிவில் இறங்கி ஒரு நாளும் கீழத்தெரு வீட்டுக்குள் போனதில்லை. தேர்தலுக்கு வோட்டுக் கேட்கப் போனவர்கள்கூட அவரை அங்கே அழைத்ததில்லை.

அவர் அந்தக் கிழவிகள் இருவருக்கும் இரண்டடி பின்னால் நடந்தார். இருசம்மாள் வீட்டு வாசல் நிலை தாழ்வாக இருந்தது. செல்வம்மாள் உள்ளே போய்விட்டாள். அவர் வாசலில் நின்றார்.

“குனிஞ்சி வாங்க சாமி,” என்றாள் இருசம்மாள். “நிமிந்தா இடிச்சிக்குவீங்க.”

அவர் குனிந்து உள்ளே போனார்.